பூட்டிவிட்டுத்தானே போனேன்?

சைடு லாக் போட்டாயிற்று. சாவியை உருவி, கைப்பிடியை இரண்டு முறை பலமாக ஆட்டிப் பார்த்தாயிற்று. அசையவில்லை. நிம்மதியாக லாட்ஜுக்குள் போய்ப் படுத்தவர் காலையில் வெளியே வந்தால், வண்டி நின்ற இடம் காலியாக இருக்கிறது. காவல் நிலையத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி, “பூட்டினீங்களா?” பூட்டியது உண்மை. அதனால்தான் குழப்பமும். உடம்பின் பலத்தையெல்லாம் போட்டு ஆட்டியும் அசையாத கைப்பிடி, சாவியே இல்லாத இன்னொருவனுக்கு எப்படி அசைந்துகொடுத்தது?

தொலைதூரப் பயணம் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி கூடுதலாக உறுத்தும். ஊருக்குள் ஓட்டுகிற வண்டி, தெரிந்த தெருவில், தெரிந்த முகங்களுக்கு நடுவே நிற்கிறது. பயண வண்டியோ தினமும் புது ஊரில், பெட்டியும் பையும் சுமந்துகொண்டு, வெளியூர் நம்பர் பிளேட்டோடு நிற்கிறது.

ஓர் உதையின் கணக்கு

சைடு லாக் என்பது ஒரு சிறிய இரும்பு முளை. சாவியைத் திருப்பினால் அது நீண்டு, எதிரே இருக்கும் குழியில் போய் உட்காரும். கைப்பிடி ஒரு பக்கம் திரும்பிய நிலையிலேயே நின்றுவிடும். நாம் ஆட்டும்போது ‘டக்’ என்று முட்டி நிற்பது இந்த முளையால்தான்.

இப்போது இரண்டு நீளங்களை அளக்க வேண்டும். கைப்பிடி திரும்புவது நடுவில் இருக்கும் ஓர் அச்சைச் சுற்றி. பயண வண்டிகளின் கைப்பிடி அகலமானது. நுனிக்கு நுனி 80 சென்டிமீட்டருக்கும் மேல். ஆக, அச்சிலிருந்து நுனி வரை 40 செ.மீ. பூட்டின் முளையோ அச்சுக்கு மிக அருகில் இருக்கிறது, 4 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 40-ஐ 4-ஆல் வகுத்தால் 10. நுனியில் கொடுக்கும் விசை, முளையில் பத்து மடங்காகப் போய் இறங்கும். நெம்புகோல் என்று பள்ளியில் படித்தது இதைத்தான்.

விசையை இங்கே கிலோ எடையாகவே சொல்கிறேன்; இயற்பியல் ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாம் கையால் ஆட்டிப் பார்க்கும்போது 30 கிலோ அளவு தள்ளுவோம். முளைக்கு அது 300 கிலோ. முளையின் விட்டம் 8 மில்லிமீட்டர் என்றால், சாதாரண எஃகில் செய்த அதைக் குறுக்கே துண்டிக்க ஏறத்தாழ ஒன்றரை டன் வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு விசையை மட்டும் கொடுத்துவிட்டு, ‘அசையவே இல்லை’ என்று திருப்திப்படுகிறோம்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் தன் முழு எடையையும் நுனியில் சாய்த்தால்? 600 கிலோ. முளை அதற்கும் தாங்கும். ஆனால் உதை என்பது வேறு வகை. சாய்வதில் எடை மட்டும் வேலை செய்கிறது. உதையில் வேகமும் சேர்ந்துகொள்கிறது. காலின் எடை 10 கிலோ, அது நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வருகிறது, கைப்பிடியில் பட்டு 2 செ.மீ. தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று கணக்கிட்டால், அந்தக் கணத்தில் நுனியில் விழும் விசை சுமார் 230 கிலோ. முளையில் 2.3 டன். ஒன்றரை டன் தாங்குவது இங்கே தோற்றுவிடுகிறது.

உண்மையில் முளை துண்டாகும் வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. முளையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பூட்டின் உடல் பெரும்பாலும் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்தது. வார்ப்பு உலோகம் வளைந்து கொடுக்காது. விசை மீறினால் விண்டுபோகும். திருட்டுக் கொடுத்து மீட்ட வண்டிகளைப் பார்த்தால் முளை முழுசாகவே இருக்கும். அதன் கூடு உடைந்திருக்கும்.

வண்டி ஓட்ட வசதியாக இருக்கட்டும் என்று அகலமாக வைத்த கைப்பிடியே திருடனுக்கு நீளமான நெம்புகோலாகிறது. பூட்டைத் தயாரித்தவர் மேல் பழி போட இதில் பெரிதாக ஒன்றுமில்லை. அச்சுக்கு 4 செ.மீ. தள்ளி வைத்த எந்தப் பூட்டையும் 40 செ.மீ. கைப்பிடி இப்படித்தான் நடத்தும். அதற்காக சைடு லாக்கே வேண்டாம் என்று நினைக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் உதைகூடத் தேவையில்லை.

51 மணி நேரம்

உடைக்காமல் திறக்கும் வழி சாவித் துளை. வண்டிகளின் பூட்டுக்குள் மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு சின்ன சுருள்கம்பி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சரியான சாவியின் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால் உருளை சுழலும். சிக்கல் எங்கே என்றால், மழையும் புழுதியும் பட்டாலும் பூட்டு திக்காமல் திரும்ப வேண்டும் என்பதற்காகத் தகடுகளைச் சற்றுத் தளர்வாகவே அமைக்கிறார்கள். அந்தத் தளர்வு தேய்ந்த சாவியை மன்னிக்கிறது. பொருந்தாத சாவியையும் சில நேரம் மன்னித்துவிடும்.

சரி, தளர்வே இல்லாமல் செய்தால்? லண்டனில் ஜோசப் பிரமா என்ற பொறியாளர் அப்படி ஒன்றைச் செய்து, தன் கடை ஜன்னலில் தொங்கவிட்டு, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் அது யாருக்கும் திறக்கவில்லை. 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுக்காரர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ், 16 நாட்களில் 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்தார்.

இதைப் பூட்டின் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 51 மணி நேரம் ஒரு வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கத் திருடன் யார் தயார்? திறக்கவே முடியாத பூட்டு என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு நேரம் உண்டு.

பெரிய பெட்டகங்களைச் செய்கிறவர்கள் இதை ஒளிப்பதே இல்லை. அமெரிக்காவில் டிஎல்-15 என்ற தரச்சான்று பெற்ற பெட்டகம், தேர்ந்த ஆட்கள் கருவிகளோடு தாக்கினால் 15 நிமிடம் தாங்கும். டிஎல்-30 என்றால் 30 நிமிடம். கருவி பெட்டகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தை மட்டும் எண்ணுவார்கள். மூச்சு வாங்குகிற நேரம் கணக்கில் சேராது. அவ்வளவு கனத்த எஃகுப் பெட்டகமே அரை மணி நேரம்தான் வாக்குக் கொடுக்கிறது. தெருவில் நிற்கும் வண்டிக்கு நாம் என்றென்றைக்குமான பாதுகாப்பைக் கேட்கிறோம்.

ஆகவே டிஸ்க் லாக், சங்கிலி, அலாரம் எதுவானாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான். இது எத்தனை நிமிடம் கூட்டும்? அந்த நிமிடங்களில் யாராவது பார்ப்பார்களா?

கடினமும் முறியாமையும்

சங்கிலி வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் காட்டுவது பிளாஸ்டிக் உறை போட்ட வயர் லாக். பார்க்கத் தடிமனாக இருக்கும். உறையை உரித்தால் உள்ளே மெல்லிய கம்பிகளை முறுக்கிய வடம். கத்திக்கு அது மசியாது, ஒவ்வொரு கம்பியாக அறுக்க வேண்டும். ஆனால் வெட்டுக் கருவியின் இரு தாடைகளுக்கு நடுவே கம்பிகள் நசுங்கி, ஒவ்வொன்றாகத் துண்டாகிவிடும்.

நல்ல சங்கிலிக்கு இரண்டு குணங்கள் வேண்டும். ஒன்று, கடினம்: கருவியின் பல் பதியக் கூடாது. இன்னொன்று, முறியாமை: அடித்தால் விண்டுபோகக் கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. எஃகில் கரியின் அளவைக் கூட்டி, பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர வைத்தால் கடினமாகும். கூடவே நொறுங்கும் குணமும் வரும். கரியைக் குறைத்தால் முறியாது, ஆனால் வெட்டுப்படும். இதற்குப் பழைய தீர்வு, வெளித்தோலில் மட்டும் கரியை ஏற்றுவது. மேலே கடினம், உள்ளே முறியாமை. இரும்பையும் கரியையும் சேர்த்து விளையாடும் வித்தை நொய்யல் கரைக் கொடுமணலில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. நம் ஊர்ச் சங்கதி என்பதால் சொல்லிவைக்கிறேன்.

தடிமன் அடுத்தது. 10 மி.மீ. வளையத்திலிருந்து 16 மி.மீ. வளையத்துக்குப் போனால், வெட்ட வேண்டிய குறுக்குப் பரப்பு இரண்டரை மடங்குக்கு மேல் கூடும். சங்கிலியின் எடையும் அதே அளவு கூடும். 16 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு 5 கிலோவைத் தாண்டும். அதை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு மலையேற யாருக்கும் மனசு வராது. கனமான சங்கிலி வீட்டு வாசலுக்கு, நடுத்தரமானது பயணத்துக்கு என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

எடையைக் கூட்டாமல் நிமிடத்தைக் கூட்ட ஒரு வழி இருக்கிறது. சங்கிலி தரையில் கிடக்கக் கூடாது. நீளமான வெட்டுக் கருவியின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றிவிட்டால், மறு பிடியில் உடம்பின் முழு எடையையும் இறக்கலாம். அந்தரத்தில் இழுத்துக் கட்டிய சங்கிலியிடம் கைபலம் மட்டும்தான் செல்லும். சுத்தியலுக்கும் அடியில் தரை இல்லாமல் போகிறது.

பேட்டரியில் ஓடும் கிரைண்டர் வந்த பிறகு இந்தக் கணக்கு கொஞ்சம் கலைந்துவிட்டது. அதன் வட்டின் விளிம்பு மணிக்கு 150 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. விளிம்பில் இருக்கும் மணிகள் எந்த எஃகையும்விடக் கடினமானவை. எஃகு எவ்வளவு தடிமன் என்பது நேரத்தை மட்டுமே மாற்றும். அதனால் பொருளையே மாற்றிப் பார்க்கிறார்கள். 2020-இல் பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனமும் சேர்ந்து ‘புரோடியஸ்’ என்ற ஒன்றை வெளியிட்டன. நுரை போன்ற அலுமினியத்துக்குள் பீங்கான் உருண்டைகள் புதைந்திருக்கும். வட்டு உருண்டையைத் தொட்டதும் அதிர்வு கிளம்பி வட்டையே மழுங்கடித்துவிடும். அதன் அடர்த்தி, எஃகின் அடர்த்தியில் 15 சதவீதம். வெட்டுகிறவனின் வேகத்தை அவன் கருவி மீதே திருப்பிவிடுகிற இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது.

196 கிலோ

ராயல் என்ஃபீல்டு 2023-இல் கொண்டுவந்த ஹிமாலயன் 450-இன் எடை 196 கிலோ. கேட்க மலைப்பாக இருக்கும். நாலு பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 49 கிலோ, ஓர் அரிசி மூட்டை. மூட்டை தூக்கிப் பழகியவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. டிஸ்க் லாக் சக்கரம் உருளாமல் தடுக்கும், தூக்கிப் போவதைத் தடுக்காது. வண்டியை அசையாத ஒன்றோடு பிணைத்தால்தான் எடைக்கு அர்த்தம் வரும். மின்கம்பம், இரும்புத் தூண், கேட்டின் கீல் பக்கம், எதுவும் கிடைக்காவிட்டால் நண்பரின் வண்டி. இரண்டு வண்டிகளை ஒன்றாகக் கோத்தால் 400 கிலோவுக்கு அருகே வரும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் நின்றால் தூக்கவும் கோணலாக இருக்கும். சங்கிலி முன்சக்கரத்தில் மட்டும் போவது போதாது. அச்சைக் கழற்றினால் சக்கரத்தை விட்டுவிட்டு மற்றதெல்லாம் போய்விடும். சட்டகத்தையோ, குறைந்தபட்சம் பின்சக்கரத்தையோ பிடிக்க வேண்டும்.

அலாரம் வைத்த டிஸ்க் லாக் ஒரு மீட்டரில் 110 டெசிபல் அலறும். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும்; 32 மீட்டரில் 80. நடுவே மூடிய ஜன்னலும் ஏசியும் இருந்தால், கட்டிலில் படுத்திருப்பவருக்குக் கேட்பது பக்கத்து அறைப் பேச்சின் அளவுதான். அலாரம் உங்களை எழுப்பும் என்று நம்ப வேண்டாம். தெருவில் இருப்பவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தால் அதுவே போதும்.

ஹெல்மெட் அபராதம் செய்த வேலை

மேற்கு ஜெர்மனியில் 1980-இல் ஹெல்மெட் போடாமல் ஓட்டினால் உடனடி அபராதம் என்று வந்தது. தலைக்காயங்களைக் குறைப்பதே நோக்கம். ஆனால் ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை லட்சமாக இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு, 1986-க்குள் ஏறத்தாழ 50,000 ஆகக் குறைந்தது. எந்தப் பூட்டும் செய்யாத வேலை இது.

காரணத்தைக் குற்றவியல் ஆய்வாளர்கள் தேடினார்கள். வண்டி திருடுகிறவர்களில் பெரும்பகுதி, அன்று காலை திட்டம் போட்டு ஹெல்மெட்டோடு கிளம்பியவர்கள் இல்லை. போகிற போக்கில் வசதியாக ஒரு வண்டி கண்ணில் பட, எடுத்துக்கொண்டு போனவர்கள். இப்போது தலையில் ஹெல்மெட் இல்லாமல் போனால் முதல் சந்திப்பிலேயே போலீஸ் நிறுத்தும். அவர்கள் கார் திருட்டுக்கோ சைக்கிள் திருட்டுக்கோ கூட்டமாக மாறிவிடவும் இல்லை. அங்கே அந்த அளவுக்கு எண்ணிக்கை கூடவில்லை. பலர் திருட்டையே விட்டுவிட்டார்கள்.

சாவியில் சின்ன மின்சில்லு வைத்து, வண்டியின் கணினி கேட்கும் ரகசிய எண்ணுக்கு அது சரியான பதில் சொன்னால்தான் எஞ்சின் கிளம்பும் என்ற ஏற்பாடும் இதே கூட்டத்தைத்தான் விரட்டுகிறது. ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயம். நெதர்லாந்தில் அதனால் கார் திருட்டு சராசரியாக 40 சதவீதம் குறைந்ததாக ஓர் ஆய்வு கண்டது. மோட்டார் சைக்கிளில் பலன் சற்றுக் குறையும். காரைத் தோளில் தூக்க முடியாது.

ஜெர்மனிக் கதையை நம் பழக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள். சாப்பிடப் போகும்போது ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போகிறோம். எது இல்லாததால் ஒரு லட்சம் திருட்டுகள் நின்றனவோ, அதை வண்டியோடு இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

பையும் பெட்டியும்

முழு வண்டி போவதைவிட, பயணத்தில் அடிக்கடி போவது அதன் மேலிருக்கும் சாமான். இதற்கு உதையும் வேண்டாம், கிரைண்டரும் வேண்டாம்.

ஹெல்மெட்டை அதற்கான கொக்கியில் மாட்டிப் பூட்டினாலும், பூட்டு பிடித்திருப்பது தாடைப் பட்டையை. அந்தப் பட்டை நைலான் அல்லது பாலியெஸ்டர் இழைகளால் நெய்தது. விபத்தில் இழுவிசையை அபாரமாகத் தாங்கும். இழுப்பு என்றால் ஆயிரக்கணக்கான இழைகளும் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளும். கத்தியின் விளிம்போ ஒரு நேரத்தில் சில இழைகளை மட்டுமே சந்திக்கிறது. சவரப் பிளேடு போதும். பட்டை அறுந்த ஹெல்மெட் திருடனுக்கும் உதவாது என்பது நமக்கு ஆறுதல் இல்லை. முழு முக ஹெல்மெட் என்றால், மெல்லிய எஃகு வடத்தைத் தாடைப் பகுதியின் ஓட்டைச் சுற்றி நுழைத்து வண்டியின் சட்டகத்தில் பூட்டலாம். கத்தி வைத்திருக்கும் ஆளுக்கு, மேலே சொன்னபடி, வடம் மசியாது. அதே வடத்தை ஜாக்கெட்டின் ஒரு கை வழியாக விட்டு மறு கை வழியாக எடுத்தால் அதுவும் சேர்ந்து நிற்கும்.

துணிப் பைகளுக்கு ஜிப்தான் பலவீனம். இரண்டு இழுப்பான்களையும் சேர்த்துச் சின்னப் பூட்டுப் போட்டாலும், பேனா முனையை ஜிப்பின் பற்களுக்கு நடுவே குத்தினால் அது பிளந்துகொள்ளும். பூட்டிய இழுப்பான்களை இழுத்து விட்டால் பிளந்த இடம் மறுபடி மூடியும்விடும். இரவு பையைத் திறக்கும் வரை எதுவும் தெரியாது. காந்தத்தில் ஒட்டும் டேங்க் பேக் இன்னும் எளிது. காந்தத்தை மேல்நோக்கி இழுக்கத்தான் பலம் வேண்டும், ஓரத்தைப் பிடித்து உரித்தால் தானாக வந்துவிடும். அதை இடத்தைவிட்டு நகரும்போதெல்லாம் கையோடு எடுத்துப் போவதைத் தவிர வேறு வழி இல்லை. பணம், ஆர்.சி. புத்தகம், மாற்றுச் சாவி எல்லாம் உடம்போடு இருக்க வேண்டியவை.

அலுமினியப் பெட்டிகள் நிச்சயம் மேல். இருந்தாலும் மூடிக்கும் உடலுக்கும் நடுவே நெம்புகம்பி நுழைய இடமிருந்தால் பழைய பத்து மடங்குக் கணக்கு இங்கேயும் வந்துவிடும். வண்டியைச் சுவரோரமாக, பெட்டியின் திறக்கும் பக்கம் சுவரை ஒட்டி நிறுத்தினால் கம்பியைச் சுழற்ற இடமிருக்காது. வண்டியின் மேல் சாதாரணச் சாம்பல் நிற உறையைப் போர்த்திவிடுவதை நான் எப்போதும் சிபாரிசு செய்வேன். எந்த வண்டி, என்ன பெட்டி என்பதே தெரியாமல் போகிறது. தெரிந்துகொள்ள உறையைத் தூக்க வேண்டும். தூக்கினால் வாட்ச்மேன் பார்ப்பார்.

போன பிறகு

இருப்பிடம் காட்டும் கருவியை வண்டியில் ஒளித்து வைப்பவர்கள் அதன் காதையும் வாயையும் புரிந்துகொள்ள வேண்டும். சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருக்கும் செயற்கைக்கோள்களின் மெல்லிய குறிப்பலையைக் கேட்டுத் தன் இடத்தைக் கணிக்கிறது. பிறகு செல்போன் கோபுரம் வழியாக உங்களுக்குச் சொல்கிறது. வண்டியை மூடிய இரும்பு வேனில் ஏற்றிவிட்டால் இரண்டுமே அடைபடலாம். வேனுக்குள் போகும் முன் கடைசியாகச் சொன்ன இடம் மட்டும் மிஞ்சும். எல்லா வண்டிகளும் வேனில் போவதில்லை என்பதால் வாங்கலாம், தப்பில்லை.

சேசிஸ் எண்ணை ராவிவிட்டால் வண்டி அடையாளமற்றுப் போகும் என்று திருடர்களும் நினைக்கிறார்கள், நாமும் நினைக்கிறோம். உலோகத்தில் எண்ணை அடித்துப் பதிக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்கு அடியிலும் படிக அடுக்குகள் நசுங்கிக் கலைகின்றன. மேல்பரப்பை அரத்தால் ராவியபின்னும் அந்தக் கலைந்த அடுக்குகள் அங்கேயே இருக்கும். தடய அறிவியல் கூடத்தில் அந்த இடத்தை மெருகேற்றி, தாமிரக் குளோரைடு கலந்த அமிலக் கரைசலைத் தடவுவார்கள். நசுங்கிய உலோகத்தை அமிலம் வேறு வேகத்தில் அரிக்கும். சற்று நேரத்தில் எண்கள் நிழலாக எழுந்து வரும்.

இந்தச் சௌகரியம் பெட்டிகளுக்குக் கிடையாது. அவற்றில் எண்ணே இல்லை. பயணம் கிளம்பும் முன் பட்டறையில் நம்பர் பஞ்ச் வாங்கி, அலுமினியப் பெட்டியின் அடிப்பக்கத்தில் வண்டி எண்ணை அடித்துவிடலாம். மார்க்கரில் எழுதியது பெட்ரோல் நனைத்த துணிக்குப் போய்விடும். ஹெல்மெட்டில் மட்டும் பஞ்ச் வைக்கக் கூடாது, ஓட்டில் கீறல் விழும். அதன் உள்பஞ்சைக் கழற்றி, துணியின் பின்பக்கம் பெயரைத் தைத்துக்கொள்ளலாம்.